நோயில்லை என்று யார் சொன்னது?

சாஹுல் ஹமீதின் காலுக்குச் செருப்பு ஏறவில்லை.

போன பெருநாளைக்கு வாங்கிய தோல் செருப்பு. கதிரையில் இருந்தபடி குனிந்து, வாரைத் தளர்த்தி, குதிகாலைத் தரையில் இடித்து இடித்துப் பார்த்தார். பாதம் புளித்த பாண் மாவைப் போல உப்பிக் கிடந்தது. விரலால் அமுக்கிய இடத்தில் குழி விழுந்து, நிரம்ப நேரமெடுத்தது.

“ரப்பர் செருப்பப் போடுங்க வாப்பா. மேடையில யாரும் கால பாக்க மாட்டாங்க,” என்றாள் சிபானா.

“கால பாக்காட்டி வேற என்னத்தப் பாக்க வாறாங்களாம்?”

முற்றத்திலிருந்து நஜாத்தின் குரல். அவன் தன் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்த வண்டியைத்தான் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தான்.

“நல்ல காரியத்துக்குப் போற நேரம் வாய வெக்காத நஜாத்,” என்று தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தாள் அவன் உம்மா பளீலா.

வாப்பாவும் மகனும் முகம் பார்த்துக் கதைத்து ஒரு கிழமையாகிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, அவரை ஏற்றிக்கொண்டு நஜாத் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். பாலாவிச் சந்தியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், எதிர்ப்பக்கம் போய் கற்பிட்டி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். “கம்பஸ் டொக்டர்மார் ரத்தம் எடுத்துப் பாத்த ஒடம்பு. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்பதோடு கதை முடிந்தது.

அன்று பின்னேரம்தான் சிபானா ஊருக்கு வந்து தன் வேண்டுகோளை வைத்தாள். வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று. மகனுக்கு மாட்டேன் என்ற வாய் மகளுக்கு ஓம் என்றது. நஜாத்துக்கு அதுதான் ஆறவில்லை.

பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞானத் துறையில் சிபானாவுக்கு ஆய்வுத் தாக்க இணைப்பாளர் என்று ஒரு பதவி. துறையில் நடக்கும் ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன நன்மை விளைந்தது என்று, பணம் கொடுப்பவர்களுக்கு எடுத்துக்காட்டுவது அவள் வேலை. வீட்டில் யாருக்கும் அந்தப் பதவியின் பெயர் வாயில் நுழையவில்லை. “டொக்டர்மார் செய்யிற வேல நல்லதெண்டு எழுதுற வேல,” என்று வாப்பா ஒருமுறை பள்ளிவாசலில் யாரிடமோ சொன்னார். அதைவிடச் சரியாக அவளாலும் சொல்ல முடிந்ததில்லை.

இன்றைய நாள் நல்லபடி முடிந்தால் ஆய்வின் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் வரும். அவள் வேலையும் நிலைக்கும்.

“பேசுறது மனசுல இருக்குதா வாப்பா?”

“இருக்கு, இருக்கு. ‘இந்த ஆய்வினூடாக எமது கிராமத்தின் விழிப்புணர்வு...’ அதுக்குப் பொறகு என்னா?”

“‘மேம்பட்டுள்ளது.’”

“அந்தச் சொல்லு மட்டும் தொண்டையில நிக்குது புள்ள.”

நஜாத் வாளித் தண்ணீரை விசிறி ஊற்றினான். “ஜோசியக்காரன்ட கிளி சீட்டு எடுக்கிற மாதிரி இருக்கு. கூட்டுக்குள்ள இருக்கிறது வாப்பாவா, மகளாண்டுதான் வெளங்கல்ல.”

ரப்பர் செருப்போடு சாஹுல் ஹமீது படலையைத் தாண்டினார்.

மத்ரஸா மண்டபத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். வெங்காயத் தோட்டங்களில் மருந்து அடிக்கிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், பாத்தி கட்டுகிறவர்கள் எல்லோரும் கழுவிய முகத்தோடு வந்திருந்தார்கள். பெண்களுக்கு வலப்பக்கம் திரைச்சீலை கட்டியிருந்தது. மேடைக்குப் பின்னால் சுவரை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பேனர்.

பேனரில் சாஹுல் ஹமீது சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஐந்து பேர், நடுவே ஒரே சகன் தட்டில் குவித்த நெய்ச்சோறு, அவர் கையில் எலும்போடு ஓர் இறைச்சித் துண்டு. கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: ‘ஆய்வை வரவேற்று விருந்தளித்த சமூகம்.’

படத்தை எடுத்தது சிபானா. வாசகத்தை எழுதியதும் அவள்தான்.

அந்த விருந்தின் கதை இதுதான். கிணற்று நீருக்கும் சிறுநீரக நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க, இரண்டு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்தார் இந்த மண்டபத்தில் வைத்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். “பிழை ஏதும் இருந்தால் அறிவிப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாதங்கள் ஓடின. அறிவிப்பு வரவில்லை. இந்தக் கரையில் ஆஸ்பத்திரிக் கணக்கு எப்போதும் அப்படித்தான். ரிப்போட் கெட்டதென்றால் ஆளை விட்டுக் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் சுகம். முழு ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. தன் புருஷனுக்கு நோயில்லை என்று வந்தால் ஊருக்குச் சோறு ஆக்குவதாக நேர்ச்சை வைத்திருந்த பளீலா, வளர்த்த கிடாயை அறுக்கச் சொன்னாள். மௌலூது ஓதி, சகன் சகனாக வைத்தார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சிபானா கைத்தொலைபேசியில் பிடித்த படம், பிறகு அறிக்கைகளின் முகப்பில் ஏறி எத்தனையோ நாடு போய் வந்துவிட்டது.

“படத்தில இருக்கிறவர் ஆரடி?”

பக்கத்தில் மதுசா நின்றாள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பெண். துறையின் ஆய்வுகூடத்தில் ரத்தம் பார்க்கிற வேலை. இன்றைக்குத்தான் முதன்முதல் இந்த ஊருக்கு வருகிறாள்.

“எங்கட வாப்பா. அந்தா, முன் வரிசையில இருக்கிறார்.”

மதுசா திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வை முகத்தில் தங்காமல் நேரே காலுக்கு இறங்கியது.

“எந்தக் கிளினிக்குக்குப் போறவர்?”

“கிளினிக்கா? எதுக்கு? உங்கட டெஸ்ட்லதான் ஒண்டுமில்லயே.”

“ஒண்டுமில்லை எண்டு ஆர் சொன்னது?”

“யாரும் சொல்லல்ல. சொல்லாததாலதான்...”

வாக்கியத்தை முடிக்காமலே சிபானா பேனரைத் திரும்பிப் பார்த்தாள்.

மதுசா அவளைக் கையில் பிடித்துத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போனாள். “ஒருத்தருக்கும் சொல்லேல்லையடி. பிழை வந்த ஆக்களுக்கும் சொல்லேல்லை. நாங்கள் பாக்கிறது நம்பர் ஒட்டின குப்பியை. எந்த நம்பர் எந்த ஆள் எண்டு றொபின்சன் சேருக்கு மட்டும்தான் தெரியும். அரசாங்கத்துப் பக்கம் சொல்லும் எண்டு சேர் இருந்தவர். கம்பஸ் சொல்லும் எண்டு அரசாங்கத்து ஆக்கள் இருந்தவை. நான் ரெண்டு தரம் கேட்டனான்.”

“பொறகு?”

“பிறகு கேக்கேல்லை. என்ர வேலையும் கொன்ராக்ட்தானே.”

“எத்தின பேருக்கடி பிழை?”

மதுசா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “நாலு பேரில ஒராளுக்கு. நீதானே எழுதினனீ.”

எழுதினாள்தான். நால்வரில் ஒருவருக்கு ஆரம்பச் சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்டது என்று, ஆங்கிலத்தில், பிழையில்லாமல், அழகாக. அந்த வரிக்காகத் துறைத்தலைவர் அவளைப் பாராட்டினார். கண்டுபிடித்தவர்கள் சொல்லியிருப்பார்கள் என்றுகூட அவள் நினைத்திருக்கவில்லை. சொன்னார்களா என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. தன் ஊரும் அந்தக் கணக்குக்குள் கிடக்கிறது என்று தெரிந்தும், அந்த நாலாவது ஆள் வேறெங்கோ இருக்கிறவர் என்றே அவள் கை எழுதிக்கொண்டு போனது.

ஆய்வை நடத்தும் பேராசிரியர் றொபின்சன் கெட்ட மனிதரல்ல. பயணம் போனால் தன் சாப்பாட்டுப் பொதியைச் சாரதியோடு பாதி பிரித்துத் தின்பவர். சிபானா அவரை மண்டப வாசலில் மடக்கினாள்.

“சேர், எங்கட வாப்பாட முடிவு என்ன?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதுசா நிற்கிற திசையை ஒருமுறை பார்த்தார்.

“இண்டைக்கு அதைக் கிளப்பாதீங்கோ சிபானா. பாருங்கோ, இந்த வெளிநாட்டு ஆக்கள் கையெழுத்து வைச்சால் மாசத்துக்கு ஒருக்கா இந்த ஊருக்கே கிட்னி கிளினிக் வரும். அங்க வைச்சு ஒவ்வொருத்தருக்கும் முறையாச் சொல்லி, மருந்தும் குடுக்கலாம். இவை முகம் சுழிச்சுப் போனால் கிளினிக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒரு மத்தியானம் பொறுக்கேலாதே?”

“ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு சேர்.”

“தெரியாமப் பொறுத்தது. இப்ப தெரிஞ்சு கொஞ்ச நேரம் பொறுங்கோ.”

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று அவளால் தள்ள முடியவில்லை. கிளினிக் வந்தால் வாப்பாவுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது, தனக்கும் நல்லது. எல்லோருக்கும் நல்லதாயிருக்கிற ஒரு பொய். அவள் மேடையேறி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். மொழிபெயர்க்க வேண்டியவள் அவள்தான்.

குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதினார்கள். வரவேற்றார்கள். விருந்தினர் இருவருக்கும் இளநீர் கொடுத்தார்கள். பிறகு சாஹுல் ஹமீதைக் கூப்பிட்டார்கள்.

அவர் படியேறி வந்து, மனனம் செய்ததை ஆரம்பித்தார். ‘விழிப்புணர்வு’ வரைக்கும் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். விருந்தினரில் மூத்தவளான அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அவர்மேல் இரக்கம் பிறந்திருக்க வேண்டும். கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஒரு கேள்வி கேட்டாள்.

சிபானா தமிழில் சொன்னாள்: “இந்த ஆராய்ச்சியால உங்களுக்குக் கிடைச்ச பெரிய நன்மை என்னண்டு கேக்கிறாங்க வாப்பா.”

“அப்பிடிக் கேட்டா சொல்லலாமே!” சாஹுல் ஹமீதின் தோள் தளர்ந்தது. சபையைப் பார்த்தார். “நிம்மதி. வேற என்னா? மருந்து அடிக்கிற ஆக்களுக்கு கிட்னி போகுது, கிட்னி போகுதெண்டு ஊரெல்லாம் கதை. முந்தி ஒண்ணுக்குப் போனாலும் பயம்தான். இவங்க ரத்தம் எடுத்துப் பாத்து ஒண்டுமில்லயெண்டு ஆன பொறகு யார்ட பேச்சயும் நான் காதுல போடல்ல. மகன் ஆஸ்பத்திரிக்கு வாங்க, வாங்கண்டு இழுக்கிறான். நான் ஏன் போகணும்? பெரிய டொக்டர்மார் பாத்து உட்ட ஒடம்பு. ரெண்டு வருஷமா நிம்மதியாப் படுக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.”

சபை கை தட்டியது. மனப்பாடத்துக்கு வராத கைதட்டல் இதற்கு வந்தது.

வெள்ளைக்காரப் பெண் பேனாவைத் திறந்துகொண்டு சிபானாவின் முகத்தைப் பார்த்தாள். றொபின்சன் யாரையும் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் சொல்ல ஒரு சொல் போதும். நிம்மதிக்கு நல்ல நல்ல சொற்கள் அந்த மொழியில் இருக்கின்றன. அடுத்த அறிக்கையின் முகப்புக்கே போடலாம்.

அவள் வாப்பாவின் பக்கம் திரும்பினாள். ஒலிவாங்கி வாயருகே இருந்தது. அதைக் கீழே இறக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

“உங்களுக்கு நோயில்லயெண்டு யாரும் சொல்லல்ல வாப்பா.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. “என்னா?”

“சொல்லவே இல்ல. யாருக்கும் சொல்லல்ல. நாலு பேருல ஒருத்தருக்குப் பழுதெண்டு கண்டுபுடிச்சாங்க. அந்த ஒருத்தர் யாரெண்டு சொல்லாமலே போய்ட்டாங்க.”



“அப்ப அண்டைக்கு நாம திண்ட ஆடு?” என்றார் பின் வரிசையில் வெங்காய வியாபாரி ஹிஸ்புல்லா. ஓர் இடத்தில் சிரிப்புக் கிளம்பி, இன்னோர் இடத்துக்குத் தாவி, நடுவழியிலேயே செத்தது. சிரித்தவர்களும் ரத்தம் கொடுத்தவர்கள்தான்.

“எண்ட ரத்தமும் எடுத்தாங்க!”

“எங்கட ஊட்டுல மூணு பேருட்ட எடுத்தாங்க!”

“யார் அந்த நாலாவது ஆள்? பேரச் சொல்லச் சொல்லுங்க!”

கதிரைகள் சரிந்தன. என்ன சொல்கிறார்கள் என்று வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். “மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள்,” என்றார் றொபின்சன் ஆங்கிலத்தில். அது பொய்யுமில்லை.

சிபானா மொழிபெயர்த்தாள். முதலில் வாப்பா சொன்னதை, பிறகு தான் சொன்னதை. ஒரு சொல்லும் விடவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது.

சாஹுல் ஹமீது தன்பாட்டில் மேடையை விட்டு இறங்கி, ஊர் விலகி வழிவிட, நடந்து வெளியே போனார்.

வீட்டில் அவர் நஜாத்தைத் திட்டவில்லை, கம்பஸைத் திட்டவில்லை. மகளைத்தான் பிடித்துக்கொண்டார்.

“ஊட்டுல வெச்சுச் சொல்ல வாயில்லயா உனக்கு? ஊர் கூடின எடத்துலதான் வாப்பாவ உரிக்கணுமா?”

“எனக்கும் அங்க வெச்சுத்தான் தெரியும் வாப்பா.”

“நீ அவங்கட்ட சம்பளம் வாங்குற. உனக்குத் தெரியாதெண்டா யாருக்குப் புள்ள தெரியும்? தோட்டத்துல நிக்கிற எனக்கா?”



நஜாத் வண்டியைப் படலைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. “ஏறுங்க வாப்பா. இப்ப போனா இருட்டுக்கு முந்தி போய்ச் சேரலாம்.”

“நீ சொன்னதுதான் நடந்துட்டுது. சந்தோசமா?”

நஜாத்தின் முகத்தில் சந்தோஷத்தின் பொட்டும் இல்லை. “நான் சொன்னது பொய்யாப் போகணும் எண்டுதான் வாப்பா ரெண்டு வருஷமாச் சொன்னேன்.”

“நான் வரல்ல. நோய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இனி ஒருத்தனுக்கும் நான் கைய நீட்ட மாட்டேன்.”

அவர் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு எஞ்சின் நின்றது.

அசர் தொழுகை முடிந்ததும் வேலியோரம் பெண்கள் சேரத் தொடங்கினார்கள். யாரும் உள்ளே வரவில்லை. சண்டைக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு கொடுக்கிற யன்னலுக்கு முன்னால் நிற்கிறது போல நின்றார்கள். சிபானா அக்கா முறையில் ‘தாத்தா’ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு றிஸானாதான் வாயைத் திறந்தாள். அவள் புருஷனும் மருந்து அடிக்கிறவர்.

“உங்கட சேருக்குக் கோல் எடுத்துக் கேளு சிபானா. எங்கட ஊட்டு ஆள் நாலுல அந்த ஒண்ணா, மத்த மூணுல ஒண்ணாண்டு மட்டும் சொல்லச் சொல்லு.”

“எனக்கு நம்பர் தெரியாது தாத்தா. எல்லாம் அவர்ட்டத்தான் இருக்கு.”

“உன்ட வாப்பாட மட்டும் எப்பிடியும் உனக்குத் தெரிஞ்சுரும்.” றிஸானா சத்தம் போடாமல் சொன்னாள். “தேன் எடுக்கிறவ பொறங்கைய நக்காமலா இருப்பாள்?”

கையிலிருந்த தொலைபேசி அப்போதுதான் அதிர்ந்தது. றொபின்சன்.

சிபானா குசினிப் பக்கமாக நகர்ந்தாள். பளீலாவும் பின்னாலேயே வந்தாள்.

“அவை கையெழுத்து வைக்காமலே கொழும்புக்குப் போட்டினம்,” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “திங்கட்கிழமை துறைத்தலைவர் உங்களைக் கூப்பிடுவார். உங்கட கொன்ராக்ட்டைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது.”

“கிளினிக்?”

“இனி எங்க கிளினிக்?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சிபானா, உங்கட வாப்பாவின்ர முடிவை இப்ப பாத்துச் சொல்லலாம். இது நான் செய்யிற பிழை. உங்களுக்கு மட்டும். மற்றவைக்கு ஒழுங்குமுறை இருக்கு. கமிட்டி கூடி, அனுமதி எடுத்து, அது மாசக் கணக்காகும்.”

வேலிக்கு மேலால் றிஸானாவின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் தலைகள்.

பளீலா மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “கேளு. நம்மட ஆளுடத மட்டும் கேளு. ஊர ஊர் பாத்துக்கொள்ளும்.”

மேடையில் சொல்லும்போது வராத வெட்கம் சிபானாவுக்கு இப்போது வந்தது. வேலிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“சொல்லுங்க சேர்.”

விசைப்பலகை தட்டும் சத்தம்.

“உங்கட வீட்டு விலாசத்தில ரெண்டு நம்பர் கிடக்கு.”

“ரெண்டா?”

“ஓம். ஒரு ஆண், ஒரு பெண்.”

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். “உம்மா, அண்டைக்கு நீங்களும் ரத்தம் குடுத்தீங்களா?”

“ஓம். பொம்பளை ஆக்கள் காணாதெண்டு கூப்பிட்டாங்க, போய்க் குடுத்தேன். அதுக்கு இப்ப என்னா? வாப்பாட என்னவாம், அதக் கேளு.”

பளீலா ரத்தம் கொடுத்ததைப் பற்றி அந்த வீட்டில் எவரும் ஒருநாளும் கேட்டதில்லை. பளீலாவே நினைத்ததில்லை. காலையில் நாற்றுப் பாத்தி, மத்தியானம் அடுப்பு, பின்னேரம் மறுபடி பாத்தி. தோட்டத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரைத்தான் அவளும் குடித்தாள்.

“சிபானா, நிக்கிறீங்களா?” என்றார் றொபின்சன். “ரெண்டும் நல்லாயில்லை. அதிலயும் ஒண்டு மற்றதைவிட மோசம். எதை முதல்ல சொல்லட்டும்?”

“என்னா புள்ள சொல்றார்? ஏன் உன்ட மொகம் இப்பிடிப் போகுது?” பளீலா இன்னும் நெருங்கி வந்தாள். “வாப்பாவுக்கு நோய் கூடிட்டுதாமா?”

சிபானா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்களுக்குக் கீழே இருந்த வீக்கத்தை, வெங்காயப் புழுதியால் வந்தது என்றே இவ்வளவு காலமும் அவள் நினைத்திருந்தாள்.

“உம்மாடத முதல்ல சொல்லுங்க சேர்,” என்றாள்.

சட்டையைப் பிடித்திருந்த கை மெல்ல விட்டது.